நடக்க முடியாதவர் நடத்திய படையெடுப்புகள்: ரோஸ்மேரி சட்கிளிஃப்பைத் தெரியுமா?

எழுத்துக்கூட்டிப் படிக்கவே ஒன்பது வயதாகிவிட்டது. பதினான்கு வயதில் பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு. வாழ்நாளின் பெரும்பகுதி சக்கர நாற்காலியில். இப்படிப்பட்ட ஒருவர் ரோமானியப் படைவீரனை ஸ்காட்லாந்தின் காடு மலையெல்லாம் நடக்க வைத்தார், குதிரைப்படைகளை மோதவிட்டார், வைக்கிங்குகளோடு கடல் தாண்டினார், ஐம்பதுக்கும் மேற்பட்ட புத்தகங்களை எழுதிக் குவித்தார் என்றால் நம்புவீர்களா? நம்பித்தான் ஆக வேண்டும். சிறுவர்களுக்கான வரலாற்றுக் கதை என்று பேச்செடுத்தாலே ஆங்கில வாசகர்கள் முதல் வரிசையில் வைக்கும் பெயர் அவருடையது: ரோஸ்மேரி சட்கிளிஃப். பிறந்தது 1920 டிசம்பர் 14, இங்கிலாந்தின் சர்ரே பகுதியில் ஈஸ்ட் கிளாண்டன் கிராமம். மறைந்தது 1992 ஜூலை 23. நடுவில் நடந்தது எல்லாமே "அட, அப்படியா!" ரகம்தான். மூச்சைப் பிடித்துக்கொள்ளுங்கள், கிளம்பலாம்!

மருந்தே இல்லாத காலத்தில் வந்த நோய், தெரியுமா?

நடை பழகிச் சில காலத்திலேயே ரோஸ்மேரியின் மூட்டுகளை ஒரு நோய் பிடித்துக்கொண்டது. குழந்தைகளுக்கு வரும் கடுமையான மூட்டுவாதம் அது. 1897இல் அதைப் பற்றி விரிவாக எழுதிய லண்டன் டாக்டர் ஜார்ஜ் ஃபிரெடெரிக் ஸ்டில் பெயரையே நோய்க்கும் வைத்துவிட்டார்கள். பெயர் வைத்தார்களே தவிர, நோயை நிறுத்த வழி தெரியவில்லை. மூட்டுவாத நோயாளி ஒருவருக்கு கார்ட்டிசோன் மருந்தை முதன்முதலாகக் கொடுத்துப் பார்த்ததே 1948இல்தான். அப்போது ரோஸ்மேரிக்கு வயது 27! அதற்குள் அறுவை சிகிச்சைகள், மருத்துவமனை வாசங்கள், படுத்தபடியே தள்ளிக்கொண்டு போகும் வண்டி என்று எல்லாம் பார்த்தாகிவிட்டது. கால் மட்டுமல்ல, கை மூட்டுகளும் கோணிப்போயின. பின்னாளில் அத்தனை புத்தகங்களையும் எழுதியது அந்தக் கைதான்.

ஒன்பது வயது வரை படிக்கத் தெரியாதாம், ஏன் தெரியுமா?

மந்த புத்தியா? இல்லவே இல்லை! அம்மா வாசித்துக் காட்டுகிற அழகில், தானே வேறு எதற்குப் படித்துக் கஷ்டப்பட வேண்டும் என்று மகள் தீர்மானித்துவிட்டாள். அப்பா கடற்படை அதிகாரி. மால்டா தீவு, சாத்தம், ஷியர்னெஸ் என்று கப்பல்துறை கப்பல்துறையாக வீடு மாறிக்கொண்டே இருந்தது. மாறாத ஒரே விஷயம் அம்மாவின் வாசிப்பு. குழந்தைப் புத்தகம்தான் என்றில்லை. டிக்கன்ஸ், கிப்லிங், நார்வீஜிய வீரகதைகள், கெல்ட் மக்களின் பழங்கதைகள், சாக்சன் தொன்மங்கள் என எல்லாம் காது வழியாகவே உள்ளே போயின. பிற்காலத்தில் சட்கிளிஃப் எழுதிய வாக்கியங்களை உரக்க வாசித்துப் பாருங்கள், யாரோ நெருப்பருகே உட்கார்ந்து கதை சொல்லுவதுபோல ஒலிக்கும். கண்ணால் படிப்பதற்கு முன்பே காதால் படித்தவர் எழுத்து வேறு எப்படி இருக்கும்?

அதிலும் கிப்லிங்கின் 'பக் ஆஃப் பூக்ஸ் ஹில்' புத்தகம் ஒரு விதை. 1906இல் வந்த அந்தப் புத்தகத்தில், பிரிட்டனின் வடக்கெல்லைச் சுவரைக் காக்கும் பார்னீசியஸ் என்ற ரோமானிய அதிகாரி வருகிறான். படுக்கையில் கிடந்து கதை கேட்ட சிறுமிக்கு ரோமானியர் அன்றைக்கே அடுத்த வீட்டுக்காரர் ஆகிவிட்டார்கள். கிப்லிங் மீதான அந்த நன்றிக் கடனை 1960இல் அவரைப் பற்றித் தனிப் புத்தகமே எழுதித் தீர்த்துக்கொண்டார்!

எழுத்தாளர் ஆவதற்கு முன் என்ன வேலை பார்த்தார், தெரியுமா?

ஓவியம்! பதினான்கு வயதில் பள்ளியை விட்டதும் நேராக பிடிஃபோர்ட் ஓவியப் பள்ளி. திறமை கொட்டிக் கிடந்தது. ஆனால் பெரிய கித்தானுக்கு முன் நின்று, கையை வீசித் தீட்ட உடம்பு இடம் கொடுக்காதே! 'அப்படியானால் நுண்ணோவியம் பழகு' என்றார்கள். தீப்பெட்டி அளவே உள்ள பரப்பில் ஒரு முகம், அதில் கண்ணிமை, சட்டைப் பின்னல், நகையின் மினுமினுப்பு வரை நுனித் தூரிகையால் தீட்டும் கலை அது. அதிலும் தேறி, நுண்ணோவியர்களின் அரச சங்கத்தில் உறுப்பினராகவே ஆகிவிட்டார்.

ஆனால் மனசு நிறையவில்லை. அந்தக் குட்டிப் பரப்புக்குள் தன்னை மடக்கி வைத்ததுபோல அவருக்குத் தோன்றியது. போர்க்களமும் வானமும் மலைத்தொடரும் வேண்டும். அவ்வளவு பெரிய கித்தானுக்கு எங்கே போவது? காகிதத்தில் எழுதினால் எவ்வளவு பெரிதாகவும் விரிக்கலாமே! அப்படி எழுத வந்த பிறகும் நுண்ணோவியக் கண் அவரை விட்டுப் போகவில்லை. படை அணிவகுத்து வரும், அதன் நடுவே ஒரு வீரனின் தோல் வாரில் பட்ட வெளிச்சம் தனியாகத் தெரியும். பெரிய காட்சிக்குள் சின்னஞ்சிறு விவரம், சட்கிளிஃப் நாவல்களின் முத்திரையே இதுதான்.

முதல் கையெழுத்துப் பிரதிக்கு என்ன பதில் வந்தது, தெரியுமா?

"வேண்டாம்" என்றுதான்! பழைய பிரிட்டிஷ் புராணக் கதைகளைத் தன் பாணியில் எழுதி வைத்திருந்தார். அது ஆக்ஸ்ஃபோர்ட் பல்கலைக்கழகப் பதிப்பகத்துக்குப் போனது. கதைகள் திரும்பி வந்தன, கூடவே ஒரு வேலையும் வந்தது: 'இது வேண்டாம், குழந்தைகளுக்காக ராபின் ஹூட் கதையை எழுதித் தருவீர்களா?' தந்தார். அதோடு விட்டாரா? சொந்தமாக ஒரு நாவலையும் சேர்த்தே எழுதிவிட்டார். ராபின் ஹூட்டும் 'தி குவீன் எலிசபெத் ஸ்டோரி'யும் 1950இல் ஒரே ஆண்டில் வெளிவந்தன. ஒரே கல்லில் இரண்டு மாங்காய்!

அதற்குப் பிறகு ஆண்டுக்கு ஒன்று. 1953இல் வந்த 'சைமன்' நாவலில், இங்கிலாந்தின் உள்நாட்டுப் போரில் இரண்டு பால்ய நண்பர்கள் எதிரெதிர்ப் படைகளில் நிற்கிறார்கள். யார் பக்கம் நியாயம் என்று தீர்ப்பெழுதித் தர மறுத்துவிட்டார் ஆசிரியர். சிறுவர் புத்தகத்தில், 1953இல்!

5,000 பேர் கொண்ட படை காணாமல் போனது தெரியுமா?

இப்போது உச்சக் கட்டம். ரோமானியரின் ஒன்பதாவது படையணி, முழுப் பெயர் ஒன்பதாம் ஹிஸ்பானா. முழு பலத்தில் சுமார் 5,000 வீரர்கள் இருக்கக்கூடிய படை. கி.பி. 108 வாக்கில் பிரிட்டனின் யார்க் நகரில் ஒரு கல்வெட்டில் பெயர் இருக்கிறது. அதற்குப் பிறகு பிரிட்டனில் தடயமே இல்லை! வடக்கே பழங்குடிகளை அடக்கப் போய் மூடுபனிக்குள் மொத்தமாக அழிந்துவிட்டதோ? சட்கிளிஃப் காலத்தில் பலரும் அப்படித்தான் நம்பினார்கள். பிறகு நெதர்லாந்தின் நைமேகனில் அந்தப் படையின் முத்திரை குத்திய ஓடு கிடைத்து, கதையே சிக்கலாகிவிட்டது. வேறு நாட்டுக்கு மாற்றப்பட்டு, அங்கே அழிந்திருக்கலாம் என்கிறார்கள் சிலர். ஆய்வாளர்களின் சண்டை இன்னும் ஓயவில்லை.

இது ஒரு பக்கம். இன்னொரு பக்கம், 1866 அக்டோபர். சில்செஸ்டர் என்ற ஊரில் மண்ணுக்குள் கிடக்கும் ரோமானிய நகரத்தை ஜேம்ஸ் ஜாய்ஸ் என்ற பாதிரியார் தோண்டிக்கொண்டிருக்கிறார். (நாவல் எழுதிய ஜேம்ஸ் ஜாய்ஸ் அல்ல, அவர் பிறக்கவே இன்னும் பதினாறு ஆண்டு இருக்கிறது!) நகர மன்றக் கட்டடத்தின் எரிந்த சாம்பல் அடுக்கில் ஏதோ தட்டுப்படுகிறது. எடுத்தால், வெண்கலக் கழுகு! ஒரு சாணைவிடச் சிறியது, சுமார் 15 சென்டிமீட்டர். இறகு இறகாகச் செதுக்கியிருக்கிறார்கள், தலையில் அத்தனை மிடுக்கு. ஆனால் இரண்டு இறக்கைகளையும் காணோம். ஒரு படையணியின் கொடிக்கழுகாகத்தான் இருக்கும் என்று ஜாய்ஸ் துள்ளிக் குதித்தார். ஏதோ பெரிய சிலையின் கையிலோ காலடியிலோ இருந்த கழுகு என்பது இன்றைய ஆய்வாளர்களின் கணிப்பு. ரெடிங் அருங்காட்சியகத்தில் இப்போதும் பார்க்கலாம்.

காணாமல்போன படை ஒன்று, இறக்கை இல்லாத கழுகு ஒன்று. ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாத இரண்டு புதிர்கள். இரண்டையும் முடிச்சுப் போட்டார் சட்கிளிஃப். பிறந்தது 'தி ஈகிள் ஆஃப் தி நைன்த்', 1954. ஒன்பதாவது படையணியோடு மறைந்துபோன அதிகாரியின் மகன் மார்க்கஸ். அப்பாவின் மானத்தையும் படையின் மானத்தையும் மீட்க, தொலைந்த கழுகைத் தேடி எதிரி நாட்டுக்குள் போகிறான். துணைக்கு, அவன் விடுதலை கொடுத்த பிரிட்டானிய அடிமை எஸ்கா. இருவரும் என்ன வேடத்தில் போகிறார்கள் தெரியுமா? கண் வைத்தியராக மார்க்கஸ், உதவியாளாக எஸ்கா! வாய்க்கு வந்த கற்பனை இல்லை இது. கண் மருந்துக் கட்டிகளில் பெயர் குத்த ரோமானிய வைத்தியர்கள் பயன்படுத்திய கல் முத்திரைகள் பிரிட்டனிலேயே கிடைத்திருக்கின்றன. கண்வலி எந்தக் குடிக்கும் வரும், கண் வைத்தியரை எந்தக் குடியும் விரட்டாது. எப்படிப்பட்ட அனுமதிச் சீட்டு பாருங்கள்!

அந்தக் கழுகு சாம்பலுக்குள் எப்படிப் போனது, தெரியுமா?

'தி ஈகிள் ஆஃப் தி நைன்த்' நாவலில் மார்க்கஸ் கழுகைக் கொண்டுவந்து சேர்த்துவிடுகிறான். சரி, அது நகர மன்றத்தின் எரிந்த சாம்பலில் அல்லவா கிடைத்தது? அதற்கு விடை சொல்ல சட்கிளிஃப் மூன்று ஆண்டு எடுத்துக்கொண்டார். 1957இல் வந்த 'தி சில்வர் பிராஞ்ச்' நாவலில், ஒன்றரை நூற்றாண்டுக்கு மேல் கழித்து, மார்க்கஸின் வம்சத்துப் பிள்ளைகள் பழைய வீட்டில் அந்தக் கழுகைக் கண்டெடுக்கிறார்கள். பிரிட்டனை ரோமிலிருந்து பிரித்துத் தனி ஆட்சி நடத்திய கராசியஸ், அவரைக் கொன்று பதவியைப் பிடித்த அலெக்டஸ் என்ற உண்மையான வரலாற்றுக் களத்தில் கதை நடக்கிறது. கடைசியில் நகர மன்றம் தீப்பற்றுகிறது, கழுகு உள்ளே சிக்கிக்கொள்கிறது. 1866இல் பாதிரியார் தோண்டிய அதே இடம்! அருங்காட்சியகப் பொருள் ஒன்றுக்கு இரண்டு நாவல்களில் முழு ஜாதகம் எழுதிய எழுத்தாளரை வேறெங்கே பார்ப்பீர்கள்?

ஒரு மோதிரம் எத்தனை ஆண்டு கைமாறியது, தெரியுமா?

மார்க்கஸ் குடும்பத்தில் ஒரு மோதிரம். மரகதக் கல்லில் டால்ஃபின் உருவம். அது அப்பாவிடமிருந்து மகனுக்கு, மகனிடமிருந்து பேரனுக்கு என்று எட்டு நாவல்களைக் கடந்து போகிறது. தொடக்கம் கி.பி. இரண்டாம் நூற்றாண்டு, முடிவு நார்மானியர் வந்த பதினோராம் நூற்றாண்டு. ஏறக்குறைய 900 ஆண்டு! ரோமானியர் போய், சாக்சன்கள் வந்து, வைக்கிங்குகள் வந்து, மொழி மாறி, மதம் மாறி, மோதிரம் மட்டும் மாறவில்லை.

இதைவிட வேடிக்கை, இவற்றை அவர் வரிசையாக எழுதவே இல்லை. முதல் கதை 1954இல். அடுத்து 1956இலேயே கால வரிசையில் கடைசிக் கதையான 'தி ஷீல்ட் ரிங்'கை எழுதிவிட்டார்! வம்சத்தின் தலையையும் வாலையும் வைத்துக்கொண்டு, நடுவிலிருந்த நூற்றாண்டுகளை வாழ்நாள் முழுக்க நிரப்பிக்கொண்டே இருந்தார்.

அவருடைய நாயகர்களுக்குக் காயம் ஆறாது, தெரியுமா?

இதுதான் எல்லாவற்றையும் தூக்கிச் சாப்பிடும் விஷயம். மார்க்கஸுக்குக் கதையின் தொடக்கத்திலேயே காலில் படுகாயம், ராணுவ வாழ்க்கை முடிந்தது. பிறகு வைத்தியர் காயத்தை மீண்டும் திறந்து சுத்தம் செய்கிறார், வலி குறைகிறது. ஆனால் நொண்டல்? கடைசிப் பக்கம் வரை நொண்டல்தான். ஸ்காட்லாந்து மலைகளில் துரத்தல் நடக்கும்போதும் அதே கால்தான்.

1958இல் வந்த 'வாரியர் ஸ்கார்லெட்' இன்னும் ஒருபடி மேல். களம் வெண்கலக் காலம். ட்ரெம் என்ற சிறுவனுக்கு வலது கை சூம்பிப்போனது. அவன் குலத்தில் ஆணாக ஒப்புக்கொள்ளப்பட வேண்டுமானால் தனியாளாக ஓநாயைக் கொல்ல வேண்டும், அப்போதுதான் போர்வீரனின் செந்நிற ஆடை. ஒற்றைக் கையோடு போகிறான். தோற்கிறான்! வேறொரு எழுத்தாளராக இருந்தால் அங்கே ஜெயிக்க வைத்திருப்பார். சட்கிளிஃப் அவனை ஆடு மேய்ப்பவர்களோடு அனுப்பி, அவமானத்தோடு வாழப் பழக்குகிறார். பிறகொரு குளிர்காலத்தில், சடங்குக்காக அல்லாமல் உயிர் காக்க ஓநாயோடு மோதுகிறான். செந்நிறம் அப்போதுதான் கிடைக்கிறது. கை அப்படியேதான் இருக்கிறது.

மந்திரம் போட்டுக் குணமாக்குவது அவர் கதைகளில் கிடையவே கிடையாது. குறையோடு இருப்பவனைப் பார்த்து ஊர் எப்படிப் பேசும், எப்படிப் பேசாமல் முகத்தைத் திருப்பும் என்பதை அவர் புத்தகத்தில் படித்தா தெரிந்துகொள்ள வேண்டும்? அனுதாபத்தைக் கேட்காமல், வேலையைக் கேட்கும் நாயகர்கள் இவர்கள். நடக்க முடியாதவர் நடைப்பயணத்தை இத்தனை துல்லியமாக எழுதியதன் ரகசியமும் இங்கேதான். ஒவ்வொரு அடியும் எவ்வளவு விலை கேட்கும் என்று அவருக்குத் தெரியும்.

பரிசு வாங்கித் தந்தது எந்தத் தீ, தெரியுமா?

ரோமானியர் பிரிட்டனைக் கைவிட்டுக் கப்பலேறுகிறார்கள். அக்விலா என்ற இளம் அதிகாரி மட்டும் படையைவிட்டு நழுவி, கரையிலேயே தங்கிவிடுகிறான். கப்பல்கள் கண்ணுக்கு மறைந்த இரவில், ருட்டுப்பியே கலங்கரை விளக்கத்தில் ஏறி, ஒரே ஒரு கடைசித் தடவை தீ மூட்டுகிறான். 1959இல் வந்த 'தி லேன்டர்ன் பேரர்ஸ்' தொடங்குவதே இப்படித்தான். பிரிட்டனின் மிக உயர்ந்த சிறுவர் இலக்கியப் பரிசான கார்னகி பதக்கம் இதற்குத்தான் கிடைத்தது. இதிலும் சலுகை கிடையாது. சாக்சன்கள் தூக்கிப்போன தங்கையை அக்விலா ஒருவழியாகக் கண்டுபிடிக்கும்போது, அவள் சாக்சன் கணவனோடும் குழந்தையோடும் இருக்கிறாள். 'வா, போகலாம்' என்கிறான். அவள் வர மறுக்கிறாள்!

செத்த பிறகும் பரிசு வாங்கினார், தெரியுமா?

அமெரிக்காவில் ஃபீனிக்ஸ் விருது என்று ஒன்று உண்டு. இருபது ஆண்டுக்கு முன் வெளிவந்து, அப்போது பெரிய பரிசு எதுவும் வாங்காமல் போன சிறுவர் புத்தகத்தைத் தேடிப்பிடித்துக் கொடுப்பார்கள். 1985இல் அந்த விருது தொடங்கியபோது முதன்முதலில் யாருக்கு? சட்கிளிஃப்பின் 'தி மார்க் ஆஃப் தி ஹார்ஸ் லார்ட்' நாவலுக்கு! கத்திச் சண்டை அடிமை ஒருவன் குருடாக்கப்பட்ட இளவரசனுக்குப் பதிலாள் ஆகி அரியணை ஏறும் கதை. மறுபடி 2010இல் 'தி ஷைனிங் கம்பெனி'க்கு. அவர் இறந்தே பதினெட்டு ஆண்டு ஆகியிருந்தது!

இன்னும் சில, ஒரே மூச்சில்!

மந்திரவாதி மெர்லின் இல்லாமல், மாயவாள் இல்லாமல், ஆர்தர் அரசனைச் சேற்றில் குதிரை ஓட்டும் படைத்தலைவனாக எழுத முடியுமா? 1963இல் பெரியவர்களுக்காக எழுதிய 'சோர்ட் அட் சன்செட்' நாவலில் செய்து காட்டினார், அதுவும் ஆர்தரே தன் வாயால் சொல்லும் கதையாக!

எகிப்தில் சிறைப்பட்டு, இஸ்லாத்தைத் தழுவி, மதினாவின் ஆளுநராகவே ஆன ஸ்காட்லாந்துச் சிப்பாய் தாமஸ் கீத் கற்பனைப் பாத்திரம் அல்ல, நிஜ மனிதர். அவரைப் பற்றியும் 'பிளட் அண்ட் சாண்ட்' என்று 1987இல் ஒரு நாவல்!

ஹோமரின் ட்ராய் போரை அவர் சிறுவர்களுக்காகச் சொன்ன 'பிளாக் ஷிப்ஸ் பிஃபோர் ட்ராய்' அவர் மறைவுக்குப் பின் 1993இல் வந்தது. படம் வரைந்த ஆலன் லீக்கு அதற்காகக் கேட் கிரீன்வே பதக்கம். அதே ஆலன் லீ பிறகு 'லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' படத்துக்குக் கலை வடிவமைப்பு செய்து ஆஸ்கர் வாங்கினார்!

கழுகு நாவல் 1977இல் பிபிசி தொடராக வந்தது. 2011இல் சானிங் டேட்டம் நடித்து 'தி ஈகிள்' என்ற சினிமாவாகவும் வந்துவிட்டது!

1975இல் ஓ.பி.ஈ., 1992இல் சி.பி.ஈ. என்று அரசு கௌரவங்கள் வீடு தேடி வந்தன. அவர் மட்டும் சசெக்ஸ் கிராமத்து வீட்டில், நாய்களுக்கு நடுவே, பொடி எழுத்தில் கையால் எழுதிக்கொண்டே இருந்தார். இறந்த அன்று காலையிலும் எழுதிக்கொண்டிருந்தாராம். கையெழுத்துப் பிரதியாக விட்டுப்போன வைக்கிங் கதை 'சோர்ட் சாங்' 1997இல் புத்தகமானது. அதிலும் டால்ஃபின் மோதிரம் வருகிறது!

எதிலிருந்து தொடங்குவது, தெரியுமா?

பத்துப் பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளுக்கு, ஆலன் லீ படங்களோடு ட்ராய் கதை. ஆங்கிலம் கொஞ்சம் சரளமாக வந்துவிட்டால் நேராகக் கழுகு நாவல். கையில் ஊன்றுகோல் பிடித்தோ, வகுப்பில் கடைசி பெஞ்சில் ஒதுங்கியோ வளரும் பிள்ளைக்கு 'வாரியர் ஸ்கார்லெட்'. புத்திமதி ஒரு வரிகூட இருக்காது, அதனாலேயே பிடிக்கும். பெரியவர்கள் 'தி லேன்டர்ன் பேரர்ஸ்' முடித்துவிட்டு ஆர்தருக்குப் போகலாம், ஏனென்றால் இரண்டும் ஒரே கதையின் அடுத்தடுத்த பாகங்கள் மாதிரி. ஒரே ஒரு எச்சரிக்கை: முதல் அத்தியாயத்தில் மார்க்கஸ் தன் வீரர்களோடு இஸ்கா கோட்டைக்குள் நுழையும்போது நீங்களும் கூடவே நுழைந்துவிட்டால், ராத்திரி சாப்பாட்டுக்கு வீட்டில் எத்தனை தடவை கூப்பிட்டாலும் காதில் விழாது!